ஒலியே கதவாகும் இன்ஜின்

1958 ஜூன் 7. அமெரிக்காவின் சியாட்டில் நகரை ஒட்டிக் கிடக்கும் வாஷிங்டன் ஏரியில், ஹூபர்ட் என்ட்ராப் என்பவர் ஒரு சின்னப் பந்தயப் படகை மணிக்கு 107.821 மைல் வேகத்தில் ஓட்டி உலகச் சாதனை படைத்தார். நம் கணக்கில் சுமார் 173.5 கிலோமீட்டர். படகின் பின்பலகையில் தொங்கிய அவுட்போர்டு இன்ஜின் மெர்க்குரி நிறுவனத்தின் ‘மார்க் 75 எச்’. அதன் மூல வடிவமான மார்க் 75, கடையில் யாரும் வாங்கக்கூடியது. ஆறு சிலிண்டர், ஏறக்குறைய ஒரு லிட்டர் கொள்ளளவு, 60 குதிரைத்திறன். குடும்பத்தோடு ஏரியைச் சுற்றிவரவும் தண்ணீரில் சறுக்கி விளையாடவும் வாங்கப்பட்ட இன்ஜின் அது.

மார்க் 75-இல் ஒரு விசித்திரம் உண்டு. அதில் ரிவர்ஸ் கியரே கிடையாது. படகு பின்னால் போக வேண்டுமென்றால் இன்ஜினை நிறுத்தி, எதிர்த் திசையில் சுழலும்படி மறுபடி கிளப்ப வேண்டும். கார் இன்ஜினிடம் இப்படிக் கேட்க முடியாது. மார்க் 75 போன்ற டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கோ வலம், இடம் இரண்டும் ஒன்றுதான். எந்தப் பக்கம் சுழற்றினாலும் ஓடும்.

வேடிக்கையாகத் தெரிகிற இந்தக் குணத்தில்தான் டூ-ஸ்ட்ரோக்கின் எளிமையும் இருக்கிறது, அதன் தீராத குறையும் இருக்கிறது. பழைய அவுட்போர்டு இன்ஜின்களைப் பந்தயத்துக்குத் தயார்செய்த மெக்கானிக்குகள் காலமெல்லாம் மல்லுக்கட்டியது இந்தக் குறையோடுதான்.

வால்வு இல்லாத இன்ஜின்

டிவிஎஸ் 50, ஆர்எக்ஸ் 100 ஓட்டிய தலைமுறைக்கு டூ-ஸ்ட்ரோக் புதிதல்ல. பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றியதும் சைலன்சர் புகை கக்கியதும் நினைவிருக்கும். ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜினில் காற்று உள்ளே வர ஒரு வால்வு, புகை வெளியேற இன்னொரு வால்வு, அவற்றை நேரம் பார்த்துத் திறந்து மூட ஒரு கேம் ஷாஃப்ட் என்று ஏற்பாடு பெரிது. டூ-ஸ்ட்ரோக்கில் இவை எதுவும் இல்லை. சிலிண்டர் சுவரில் சில துளைகள் மட்டும் உண்டு. மெக்கானிக்குகள் அவற்றை ‘போர்ட்’ என்பார்கள். ஏறி இறங்கும் பிஸ்டனே அவற்றை மூடித் திறக்கிறது.

பிஸ்டன் மேலே ஏறும்போது அதற்கு அடியிலுள்ள கிராங்க் அறையில் அழுத்தம் குறைகிறது. கார்புரேட்டர் வழியாகப் பெட்ரோலும் காற்றும் கலந்து உள்ளே வருகின்றன. ‘ரீட்’ எனப்படும் மெல்லிய தகடுகள் அந்தக் கலவை திரும்பிப் போகாமல் தடுக்கின்றன. மேலே பிளக்கில் பொறி தட்டியதும் எரியும் வாயு பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பாதிக்கு மேல் இறங்கியதும் எக்ஸாஸ்ட் போர்ட் திறந்து புகை வெளியேறத் தொடங்குகிறது. இன்னும் சற்று இறங்கினால் டிரான்ஸ்ஃபர் போர்ட்கள் திறக்கின்றன. கிராங்க் அறையில் அமுங்கிக் கிடந்த புதுக் கலவை சிலிண்டருக்குள் பாய்கிறது. புதியது உள்ளே வந்துகொண்டே பழையதை வெளியே தள்ள வேண்டும்.

நிமிடத்துக்கு 5500 சுற்று ஓடும் இன்ஜினில் ஒரு முழுச் சுற்றுக்கு ஆகும் நேரம் 10.9 மில்லி விநாடி. அதில் டிரான்ஸ்ஃபர் போர்ட் திறந்திருப்பது சுமார் 120 டிகிரி, அதாவது மூன்றரை மில்லி விநாடிக்குச் சற்று மேல். அதற்குள் ஒரு சிலிண்டரைக் காலிசெய்து மறுபடி நிரப்பியாக வேண்டும்.

சிக்கல் இனிமேல்தான். சுவரில் இருக்கும் துளைக்கு, பிஸ்டன் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியாது. இறங்கும்போது எந்த இடத்தில் திறந்ததோ, ஏறும்போது அதே இடத்தில்தான் மூடும். எக்ஸாஸ்ட் முதலில் திறக்க வேண்டும் என்று அதை உயரமாக வைத்தால், அது கடைசியில்தான் மூடும். டிரான்ஸ்ஃபர் மூடிய பிறகும் எக்ஸாஸ்ட் சிறிது நேரம் திறந்தே கிடக்கிறது. அந்த நேரத்தில் ஏறிவரும் பிஸ்டன், இப்போதுதான் உள்ளே வந்த புதுக் கலவையில் ஒரு பங்கை வெளியே தள்ளிவிடுகிறது. பழைய கார்புரேட்டர் அவுட்போர்டுகளில், ஊற்றிய எரிபொருளில் கால்வாசிக்கும் மேல் எரியாமலே தண்ணீருக்குள் போனதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்புகள் கணக்கிட்டன.

பின்னோக்கிச் சுழலும் வசதியைத் தந்த அதே சமச்சீர்தான் இந்த வீணடிப்புக்கும் காரணம்.

திமில் வைத்த பிஸ்டன்

உள்ளே வந்த கலவை நேராக எதிர்ப்புறத்து எக்ஸாஸ்ட் வழியே ஓடிவிடாமல் இருக்க, பழைய பொறியாளர்கள் ஓர் எளிய உபாயம் கண்டார்கள். பிஸ்டனின் தலையில் திமில் போல ஒரு மேடு வைத்தார்கள். ஒரு பக்கத்திலிருந்து வரும் கலவை மேட்டில் மோதி மேலே எழும்பி, சிலிண்டரின் மூடியான ஹெட்டைத் தொட்டுத் திரும்பி, மறுபக்கம் இறங்கி, வழியிலுள்ள புகையைத் துரத்தும். செய்வதற்கு மலிவு. மெதுவாக ஓடும்போது சீராகவும் ஓடும். மீன்பிடிப்பவருக்கு வேறென்ன வேண்டும்?

பந்தயக்காரருக்கு அந்த மேடு தலைவலி. அது பிஸ்டனின் எடையைக் கூட்டுகிறது. நெருப்புக்கு நடுவே நீட்டிக்கொண்டிருப்பதால் சூடேறித் தகிக்கிறது. எரியும் அறையும் கோணல்மாணலாகிறது. இதனால் அழுத்த விகிதத்தை ஓரளவுக்கு மேல் ஏற்ற முடியாது. ஏற்றினால் கலவை பொறிக்குக் காத்திராமல் தானே வெடித்து, பிஸ்டனைத் துளைத்துவிடும்.

1920களின் நடுவில் ஜெர்மனியின் அடால்ஃப் ஷ்னூர்லே இதற்கு மாற்று கண்டார். இரு டிரான்ஸ்ஃபர் போர்ட்களை எக்ஸாஸ்டுக்கு இருபுறமும் சாய்வாக வைத்தார். இரண்டு தாரைகளும் எக்ஸாஸ்டுக்கு எதிர்ச்சுவரில் சந்தித்து, மேலே ஏறி, வளைந்து திரும்பி வந்து புகையை வெளியேற்றின. பிஸ்டன் தலை தட்டையாகவே இருக்கலாம். டிகேடபிள்யூ மோட்டார் சைக்கிள்கள் 1930களிலேயே இந்த முறைக்கு மாறிவிட்டன. அமெரிக்க அவுட்போர்டு நிறுவனங்களோ பல பத்தாண்டுகள் திமில் பிஸ்டனையே கட்டிக்கொண்டு இருந்தன.

அந்த இடைவெளியில் புகுந்தவர்கள் தனிப் பட்டறைக்காரர்கள். இல்லினாய் மாநிலத்தின் குயின்சி நகரில் ஓ. எஃப். கிறிஸ்ட்னர் நடத்திய குயின்சி வெல்டிங் பட்டறை, மெர்க்குரி இன்ஜின்களை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, 1960களில் அவற்றின் அடிப்படையில் ‘லூப்பர்’ என்ற பந்தய இன்ஜின்களை உருவாக்கியது. திமில் போய் வளைவோட்டம் வந்தது. படகுப் பந்தய உலகில் அந்தப் பெயர் இன்றும் மரியாதையோடு சொல்லப்படுகிறது.

அரம் செய்யும் வேலை

புது சிலிண்டர் பிளாக் வார்க்க வசதியில்லாதவர் கையில் இருந்தது ஓர் அரம். எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல் விளிம்பை அராவி உயர்த்தினால் என்ன ஆகும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 54 மில்லிமீட்டர், கனெக்டிங் ராடின் நீளம் அதைப்போல் இரு மடங்கு என்று வைத்துக்கொள்வோம். போர்ட்டின் விளிம்பு இருக்கும் பகுதியில் ஒரு மில்லிமீட்டர் அராவினால் எக்ஸாஸ்ட் 2 டிகிரிக்குச் சற்று மேல் முன்னதாகத் திறக்கும். அதே அளவு தாமதமாக மூடும். ஆக, ஒரு மில்லிமீட்டருக்கு நாலு டிகிரிக்கு மேல் கூடுதல். கடையில் வாங்கிய இன்ஜினில் 160 டிகிரி அளவில் திறந்திருக்கும் எக்ஸாஸ்ட், ஆறேழு மில்லிமீட்டர் அராவினால் 190 டிகிரியை நெருங்கிவிடும்.

வேகமாகச் சுற்றும்போது இது நல்லது. நேரம் குறைவாக இருப்பதால் கதவு அதிகம் திறந்திருக்க வேண்டும். மெதுவாகச் சுற்றும்போது இதுவே கேடு. கலவை சாவகாசமாக வெளியேறிவிடும். பந்தயத்துக்கு அராவிய இன்ஜின் ஐடிலில் திக்கித் திணறி ஓடுவதும், கீழ்ச் சுற்றுகளில் இழுவை இல்லாமல் தவிப்பதும் இதனால்தான்.

இழப்பு அதோடு நிற்பதில்லை. எக்ஸாஸ்ட் மூடிய பிறகுதான் பிஸ்டன் எதையும் அழுத்தத் தொடங்கும். விளிம்பை நாலரை மில்லிமீட்டர் உயர்த்தினால் அந்த அழுத்தும் தூரம் மேற்சொன்ன இன்ஜினில் 35 மில்லிமீட்டரிலிருந்து ஏறக்குறைய 30.5-ஆகக் குறைகிறது. அதை ஈடுகட்ட ஹெட்டின் அடிப்பரப்பை லேத்தில் சீவி, எரியும் அறையைச் சிறிதாக்குவார்கள். அறை சிறிதானால் சூடு கூடும். சூட்டைத் தணிக்க எரிபொருளை மாற்ற வேண்டும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அசையும் வேலை இது.

திரும்பி வரும் ஒலி

மூட வேண்டிய நேரத்தில் மூடாத கதவை எப்படி மூடுவது? டூ-ஸ்ட்ரோக் வரலாற்றின் மிக அழகான விடை இதற்குத்தான் கிடைத்தது. ஒலியால் மூடலாம்.

எக்ஸாஸ்ட் திறக்கும் கணத்தில் ஓர் அழுத்த அலை குழாயில் புறப்படுகிறது. சூடான புகையில் அது நொடிக்கு ஏறக்குறைய 500 மீட்டர் வேகத்தில் ஓடும். குழாய் விரிந்துகொண்டே போனால், அலையின் ஒரு பகுதி உறிஞ்சும் அலையாகத் திரும்பி வந்து சிலிண்டரிலிருந்து புகையை வெளியே இழுக்கும். கூடவே புதுக் கலவையும் கொஞ்சம் குழாய்க்குள் வழிந்துவிடும். விரிந்த குழாய் மறுபடி குறுகினால், அங்கே மோதும் அலை தள்ளும் அலையாகத் திரும்பும். வழிந்த கலவையை அது பிஸ்டன் மூடுவதற்கு முந்தைய நொடித்துளியில் சிலிண்டருக்குள் திணித்துவிடும். அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லாமல், வெறும் தகரக் கூம்புகளால் ஒரு வால்வு கிடைத்துவிட்டது. சமச்சீரான துளைக்கு ஒலி ஒரு திசையைக் கற்றுக்கொடுத்தது.

எத்தனை நீளக் குழாய் வேண்டும்? 8000 சுற்றில் ஒரு சுற்றுக்கு 7.5 மில்லி விநாடி. எக்ஸாஸ்ட் 190 டிகிரி திறந்திருந்தால் அலை போய்வரக் கிடைப்பது சுமார் 4 மில்லி விநாடி. அந்த நேரத்தில் ஒலி ஓடுவது 2 மீட்டர். போக ஒரு மீட்டர், வர ஒரு மீட்டர். ஆக, குறுகும் கூம்பு சிலிண்டரிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். 6000 சுற்றில் வலு வேண்டுமென்றால் குழாய் இன்னும் ஓரடிக்கு மேல் நீள வேண்டும். நீண்ட பாரி நாயனம் தாழ்ந்த சுருதியிலும் குட்டையான திமிரி உச்ச சுருதியிலும் ஒலிப்பது போல, ஒவ்வொரு குழாய்க்கும் அதற்கே உரிய சுற்று உண்டு. அந்தச் சுற்றில்தான் அது பேசும்.

இந்த வித்தையைச் செம்மைப்படுத்தியவர்களில் முதன்மையானவர் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் மோட்டார் சைக்கிள் நிறுவனப் பொறியாளர் வால்டர் காடன். 1961-இல் அவருடைய 125 சிசி இன்ஜின் 25 குதிரைத்திறனை எட்டியது. லிட்டருக்கு 200 குதிரைத்திறன். டர்போவோ சூப்பர்சார்ஜரோ இல்லாமல். அதே ஆண்டு செப்டம்பரில், சுவீடனில் நடந்த பந்தயத்தின்போது அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்குக்குத் தப்பிச் சென்றார். காடனின் நுட்பம் அவரோடு சுசுகி நிறுவனத்தைச் சென்றடைந்தது. 1962-இல் டெக்னர் சுசுகியில் 50 சிசி உலகப் பட்டத்தை வென்றார். ஆர்எக்ஸ் 100-இன் சைலன்சருக்குள் ஒளிந்திருந்த கூம்புகளும் அந்த வம்சாவளியே.

படகில் இந்தக் குழாயைப் பொருத்துவதில் ஓர் இடைஞ்சல் இருந்தது. சாதாரண அவுட்போர்டில் புகை, இன்ஜினின் நீண்ட கால் வழியாக இறங்கித் தண்ணீருக்குள் போய்விடும். கூம்புக்கு அங்கே இடமில்லை. பந்தயக்காரர்கள் காலை மறந்துவிட்டு, குழாய்களை இன்ஜினுக்குப் பின்னே வெட்டவெளியில் நீட்டினார்கள். காது செவிடானது, வேகம் வந்தது. பின்னாளில் சறுக்கும் குழாய்களும் வந்தன. கிளம்பும்போது ஓட்டுநர் நெம்புகோலால் குழாயை நீட்டி வைப்பார். வேகம் பிடித்ததும் குறுக்குவார். ஓடும்போதே இன்ஜினின் சுருதியை மாற்றும் ஏற்பாடு.

நிறுவனங்கள் வேறு வழி கண்டன. மூன்று சிலிண்டர்கள் 120 டிகிரி இடைவெளியில் வெடித்து ஒரே எக்ஸாஸ்ட் அறையைப் பகிர்ந்தால், ஒன்றின் அலை இன்னொன்றின் கதவு மூடப்போகும் நேரத்தில் சரியாக வந்து சேரும். பக்கத்து வீட்டுச் சிலிண்டரே கதவைச் சாத்திவிடும். மெர்க்குரியும் ஜான்சன்–எவின்ரூட் (ஓஎம்சி) நிறுவனமும் 1976-இல் கொண்டுவந்த வி6 இன்ஜின்களில் பக்கத்துக்கு மூன்று சிலிண்டர்கள் அமைந்தது இதற்கு மிகவும் வசதியாக இருந்தது.

இந்தத் துறை எவ்வளவு தூரம் போயிற்று என்பதற்குப் பெர்லின் நகரின் கோனிக் நிறுவனம் சாட்சி. அது படகுப் பந்தயத்துக்காகச் செய்த 500 சிசி, நான்கு சிலிண்டர் இன்ஜினை நியூசிலாந்துக்காரர் கிம் நியூகோம்ப் ஒரு மோட்டார் சைக்கிளில் பொருத்தி 1973 கிராண்ட் பிரீ பந்தயங்களில் ஓட்டினார். யூகோஸ்லாவியாவில் வென்றார். அதே ஆண்டு ஆகஸ்டில் சில்வர்ஸ்டோன் விபத்தில் உயிரிழந்தபோதும், பருவ முடிவில் உலகத் தரவரிசையில் இரண்டாம் இடம் அவருக்கே கிடைத்தது.

மெத்தனாலும் விளக்கெண்ணெயும்

ஹெட்டைச் சீவியதால் ஏறிய சூட்டுக்கு மருந்து மெத்தனால். கள்ளச்சாராயச் சாவுச் செய்திகளில் நாம் அஞ்சிப் படிக்கும் அதே நஞ்சு. ஒரு கிலோ பெட்ரோல் எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ மெத்தனாலுக்கு ஆறரை கிலோ போதும். எனவே அதே காற்றுக்கு இரண்டு மடங்குக்கு மேல் மெத்தனால் ஊற்றலாம்; ஊற்றியே ஆக வேண்டும். கார்புரேட்டர் ஜெட்டின் துளையை அதற்கேற்பப் பெரிதாக்குவார்கள். மெத்தனால் ஆவியாகும்போது இழுத்துக்கொள்ளும் வெப்பமும் அதிகம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், உள்ளே வரும் ஒவ்வொரு கிலோ காற்றையும் அது பெட்ரோலைப் போல் ஏழு மடங்கு குளிர்விக்கிறது. குளிர்ந்த காற்று செறிவானது. தானாக வெடிக்கும் ஆபத்தும் குறைகிறது.

மெத்தனாலோடு சாதாரண மினரல் ஆயில் கலக்காது. கலப்பது ஆமணக்கு எண்ணெய். நம் வீட்டு விளக்கெண்ணெய். கடும் சூட்டிலும் உலோகத்தை விட்டு நழுவாமல் ஒட்டிக்கொள்ளும் அதன் குணம் பந்தய உலகில் பிரசித்தம். 1909-இல் வந்த ‘காஸ்ட்ரால்’ ஆயிலின் பெயரிலேயே ஆமணக்கின் ஆங்கிலப் பெயர் இருக்கிறது. உலகிலேயே அதிகம் ஆமணக்கு விளைவது இந்தியாவில், அதிலும் குஜராத்தில்.

நம் தென்கரையில் இதே இன்ஜின்கள் நேர் எதிர்த் திசையில் மாற்றப்படுகின்றன. குமரி மாவட்ட மீனவர்களின் அவுட்போர்டுகள் பல மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. பெட்ரோலில் கிளப்பிச் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் எளிதில் தானாக வெடிக்கும் என்பதால் இந்த இன்ஜின்களில் அழுத்த விகிதம் குறைவாக வைக்கப்படும். பந்தயக்காரர் ஹெட்டைச் சீவும் இடத்தில் இங்கே அறை பெரிதாகிறது. வலு குறைந்தாலும் செலவு குறைய வேண்டும். நாள் முழுக்க உழைக்க வேண்டும். எது நல்ல இன்ஜின் என்பது வேலையைப் பொறுத்தது.

தண்ணீருக்குள் நடக்கும் மறுபாதி

இன்ஜினில் எத்தனை வித்தை செய்தாலும் அது புரொப்பல்லர் வழியாகத்தான் வேகமாக மாற வேண்டும். 22 அங்குல பிட்ச் கொண்ட புரொப்பல்லர், ஒரு சுற்றுக்குக் கணக்குப்படி 22 அங்குலம் முன்னேற வேண்டும். இன்ஜின் 6000 சுற்று, கியர் அதைப் பாதியாக்கி 3000 சுற்று என்றால் மணிக்கு நூறு கிலோமீட்டர். தண்ணீர் வழுக்கிவிடுவதால் பத்து சதவீதம் கழித்தால் தொண்ணூறு. 8000 சுற்றில் வலு தரும்படி குழாயும் போர்ட்டும் அமைத்துவிட்டுப் பழைய புரொப்பல்லரையே வைத்திருந்தால், அதன் சுமை இன்ஜினை 5500-லேயே பிடித்து வைத்துவிடும். குழாய் ஒருமுறைகூடப் பேசாது. நிறையச் செலவு செய்த பிறகும் முன்னைவிட மெதுவாகப் போகும் படகுகள் உருவாவது இப்படித்தான்.

தண்ணீரின் தடைக்கு ஈடுகொடுக்கத் தேவைப்படும் திறன், வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. வேகத்தை இரட்டிப்பாக்க எட்டு மடங்கு திறன் வேண்டும். ஆகவே பந்தயப் படகு தண்ணீரைத் தொடாமல் இருக்கவே பாடுபடுகிறது. உடலை எழுப்பிச் சறுக்குகிறது. இன்ஜினின் காலையும் உயர்த்தி மாட்டுவார்கள். புரொப்பல்லரின் பாதி காற்றில் சுழலும். அதற்கென்றே வடிவமைத்த இலைகள் உண்டு. காலை உயர்த்தினால் குளிர்விக்கும் தண்ணீர் இழுக்கும் துளையும் வெளியே வந்துவிடும். அதைக் கியர் உறையின் மூக்கு நுனிக்குக் கீழே மாற்றியாக வேண்டும். மறந்தால் சில நிமிடங்களில் இன்ஜின் சீஸ் ஆகிவிடும்.

விலையும் முடிவும்

சுற்று கூடும்போது ராடு, பேரிங், கிராங்க் ஆகியவற்றின் மீது விழும் விசை அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 5500-லிருந்து 8000-க்குப் போனால் விசை இரு மடங்குக்கு மேல். பல ஆண்டு உழைக்க வேண்டிய இன்ஜின், சில பந்தயங்களுக்கு ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டியதாகிறது.

டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டின் வேகத்துக்கு 1989-இல் ஒரு சிகரம் அமைந்தது. அரிசோனாவின் பார்க்கர் அருகே பாப் வார்ட்டிங்கர், ஓஎம்சி வி8 இன்ஜின் பொருத்திய படகில் மணிக்கு 176.556 மைல், அதாவது 284 கிலோமீட்டர் தொட்டார். அதன்பின் காலம் மாறியது. 1996-இல் அமெரிக்கா அவுட்போர்டு புகைக்குக் கடுமையான வரம்பு விதித்தது. எக்ஸாஸ்ட் மூடிய பிறகே எரிபொருளைச் சிலிண்டருக்குள் நேரடியாகப் பீய்ச்சும் டூ-ஸ்ட்ரோக்குகள் வந்தன. அவற்றில் வழிந்தாலும் வழிவது வெறும் காற்று மட்டுமே. பழைய குறைக்குத் தீர்வு கிடைத்தும் ஃபோர்-ஸ்ட்ரோக்கின் பெருக்கை அவற்றால் தடுக்க முடியவில்லை. ஓலே எவின்ரூட் 1909-இல் விற்கத் தொடங்கிய பெயர், 2020-இல் அவுட்போர்டு உற்பத்தியிலிருந்தே விடைபெற்றது.

பழைய இன்ஜின் ஒன்று கைவசம் இருந்து, அதை வேகமாக்கும் ஆசையும் இருப்பவர் வரிசையை மாற்றாமல் போவது நல்லது. முதலில் எந்தச் சுற்றில் வலு வேண்டும் என்று தீர்மானியுங்கள். அடுத்து புரொப்பல்லரையும் இன்ஜினின் உயரத்தையும் சரிசெய்யுங்கள். பாதி வேகம் அங்கேயே கிடைத்துவிடும். பிறகு கார்புரேட்டர், பிறகு ஹெட், பிறகு குழாய். அரத்தைக் கடைசியில் எடுங்கள். புரொப்பல்லரைக் கழற்றி மாற்றலாம், ஜெட்டை மாற்றலாம், குழாயை வெட்டி ஒட்டலாம். சிலிண்டரிலிருந்து அராவி எடுத்த உலோகத்தைத் திரும்ப வைக்க முடியாது. படகில் ஏறியதும், தவறி விழுந்தால் இன்ஜினை நிறுத்தும் கயிற்றை உடம்பில் மாட்டிக்கொள்ளாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.